நாலில் இரண்டை மட்டும் மாற்றாதீர்கள்

கேள்வி: அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர். தறிப் பக்கத்தில் நாலு பெரிய பேட்டரிக் கட்டை போடும் பழைய ரேடியோ ஒன்று பகல் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். கட்டை மங்கினால் செலவைப் பார்த்து இரண்டை மட்டும் மாற்றுவோம், மீதி இரண்டை வெயிலில் காயவைத்துப் போடுவோம். இப்போது உள்ளே ஏதோ ஒழுகிப் பூத்துக் கிடக்கிறது. செட் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் ரிப்பேர்க்காரர். என்ன செய்யலாம்?

பதில்: புதிது வாங்க அவசரப்படாதீர்கள். கட்டை ஒழுகிய செட் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சிக்கனம் என்று நினைத்து நீங்கள் செய்ததுதான் அதை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு கட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருக்கின்றன. ஒன்றில் ஓடும் அதே மின்சாரம்தான் மற்ற மூன்றிலும் ஓடியாக வேண்டும். பழையது முதலில் காலியாகும். புதியவை விடாமல் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலியான கட்டையின் முனைகள் தலைகீழாகி, உள்ளே வாயு சேர்ந்து, அடைப்பு விட்டு, நீர் வெளியே வரும். சாதாரணக் கட்டையில் இன்னொரு சங்கதி உண்டு. 1866-இல் லெக்லாஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய கலத்தின் வழிவந்தது அது. மேலுறைக்கு உள்ளே இருக்கும் துத்தநாகக் குவளைதான் அதன் மைனஸ் முனை. ரேடியோ பாடப் பாட அந்தக் குவளையே கரைகிறது. தீரும் காலத்தில் சுவர் மெலிந்து ஓட்டை விழுந்துவிடும்.

வெயிலில் வைத்தால் மறுபடி பாடுகிறதே என்பீர்கள். சரி, கொஞ்ச நேரம் பாடும். சூட்டில் வேதிவினை சற்று வேகமாக நடக்கும், ஓய்வு கிடைத்ததாலும் கட்டை கொஞ்சம் தேறும். புதிதாகச் சக்தி எதுவும் ஏறுவதில்லை. நம் பக்கத்துக் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடித் தளம் அதைவிடக் கொதிக்கும். மெலிந்துபோன குவளையை அங்கே கொண்டுபோய் வைப்பது ஒழுகு என்று சொல்லி வைப்பதுதான். குரல் கரகரத்தாலும், சத்தம் கூட்டினால் டுபு டுபு என்று அடித்தாலும், நாலையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே நாளில் வாங்கியது.

காட்பாடி வீட்டில் அம்மாவின் ரேடியோவை நானும் இப்படித்தான் கெடுத்தேன். அடாப்டரில் போட ஆரம்பித்த பிறகு உள்ளே இருந்த கட்டைகளை மறந்தே போனேன். ஏழெட்டு மாதம் கழித்து மூடியைத் திறந்தால், ஸ்பிரிங் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. விரல் பட்டதும் கடைசிச் சுற்று பொடிந்து கையோடு வந்துவிட்டது. ஒரு மாதம் பாடாது என்று தெரிந்தால் கட்டையை வெளியே எடுத்துவையுங்கள்.

இனி எதை வாங்குவது? உறையில் ஆர்20 என்று இருந்தால் சாதாரணக் கட்டை. எல்ஆர்20 என்று முன்னால் ஓர் எல் இருந்தால் அல்கலைன். விலை கூடுதல், பல மடங்கு நாள் உழைக்கும், அதுவும் தீர்ந்தபின் உள்ளே கிடந்தால் ஒழுகும். ரேடியோ மிகக் குறைவாகத்தான் மின்சாரம் குடிக்கும், அதனால் எப்போதாவது கேட்கிறவருக்குச் சாதாரணமே போதும். தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள், கடையில் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததை வாங்காதீர்கள். உங்கள் அப்பாவைப் போல நாள் முழுக்கக் கேட்கிறவருக்கு என் யோசனை வேறு: சார்ஜ் ஏறும் நிக்கல் பென்சில் செல் நாலு, அதைப் பெரிய கட்டை அளவுக்கு ஆக்கும் பிளாஸ்டிக் கூடு நாலு, அதற்கென்றே உள்ள சார்ஜர். ஒரு செல் 1.2 வோல்ட்தானே, 1.5 இல்லையே என்று தயங்க வேண்டாம். சாதாரணக் கட்டையும் பாதி ஆயுளில் அந்த அளவுக்கு இறங்கித்தான் பாடிக்கொண்டிருக்கிறது. சாதாரணக் கட்டையை மட்டும் சார்ஜரில் போட்டுவிடாதீர்கள், வெடிக்கும்.

பென்சில் செல் போலவே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கடைகளில் கிடைக்கிறது. அது நாலு போட்டால் 6 வோல்ட் செட்டுக்குள் கிட்டத்தட்ட 15 வோல்ட் போகும்; அப்புறம் ரிப்பேர்க்காரர் சொன்னது உண்மையாகிவிடும். தீர்ந்த எதையும் அடுப்பிலோ குப்பைத் தீயிலோ எறியாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கடிகாரம், ரிமோட்டில் இருக்கும் காசு போன்ற வட்ட செல்லைப் பற்றி ரொம்பக் கவனம். விழுங்கியது தொண்டைக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், அந்த நிமிடமே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது உங்கள் செட். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கட்டைகளை எடுங்கள். ஒழுகியது சாதாரணக் கட்டை என்றால் அது அமிலம். ஆப்ப சோடாவை லேசாக நனைத்த துணியில் தொட்டுத் துடையுங்கள். அல்கலைன் என்றால் காரம், அதற்கு எலுமிச்சைச் சாறு நனைத்த பஞ்சு. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தகட்டையும் ஸ்பிரிங்கையும் நைஸ் உப்புத்தாளால் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் கையைக் கொண்டுபோகாதீர்கள். புதுக் கட்டை போட்டும் பாடவில்லை என்றால், ஸ்பிரிங்கில் இருந்து உள்ளே போகும் ஒயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். ஒழுகின நீர் ஒயருக்குள்ளேயே ஏறிச் செம்பைக் கறுப்பாக்கியிருக்கும். அந்த ஒயரையும் ஸ்பிரிங்கையும் மாற்றிப் பற்றவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிக நேரம் பிடிக்கும் வேலை இல்லை. செட்டை அங்கேயே விட்டுவிட்டு வராமல், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று செய்து வாங்கி வாருங்கள்.