பேரன் அயர்லாந்து பட்டாளத்தில்: ரப்பர் விளையை அவன் பெயருக்கு எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 76. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், களியக்காவிளையில் இருக்கிறேன். மகள் நர்ஸ். குடும்பத்தோடு அயர்லாந்து போய் 18 வருடமாகிறது. மூன்று வயதில் இங்கிருந்து போன பேரனுக்கு இப்போது 21. அந்த நாட்டுக் குடியுரிமையும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ கார்டும் அவனுக்கு உண்டு. போன வருடம் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்தான். அடுத்த மாதம் ஐ.நா. அமைதிப்படையில் லெபனானுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் கேரளப் பக்கம் பாறசாலையில் உள்ள 60 சென்ட் ரப்பர் விளையையும் (தோட்டத்தையும்) இங்குள்ள வீட்டையும் அவன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட நினைக்கிறேன். இரண்டும் நான் சம்பாதித்து வாங்கியவை. மகனுக்குக் கடையும் வேறு நிலமும் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். வெளிநாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தால் ஓசிஐ ரத்தாகும், சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். நாங்கள் கிறிஸ்தவர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் பத்திர அலுவலகத்துக்குப் போய் செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுக்கும் பத்திரம், எழுதிவிடாதீர்கள். உங்கள் ஆசை நிறைவேற நேரான வழி இருக்கிறது. அது உயில். பாறசாலைப் பக்கம் வில்பத்திரம் என்பார்களே, அதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டில் குடியிருப்பவர் இந்தியாவில் நிலம் பெறுவதை ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன் கீழ் வந்த 2019-ம் ஆண்டு விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. ஓசிஐ கார்டு வைத்திருப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. உங்கள் ரப்பர் விளையை எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் அது இந்தத் தடைக்குள்தான் வரும். வீட்டைத் தானமாகப் பெறலாம், ஆனால் கொடுப்பவர் உறவினராக இருக்க வேண்டும். உறவினர் யார் என்பதற்கு அந்த விதி கம்பெனிச் சட்டத்தின் பட்டியலைக் காட்டுகிறது. அதில் அப்பா, அம்மா, மகன், மகள், மருமகன், மருமகள், கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், பேரன் இல்லை. தூக்கி வளர்த்த பாட்டா அவனுக்கு உறவினர் இல்லை என்று ஒரு பட்டியல் சொல்வதைப் படிக்கும்போது எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதியிருப்பது அதுதான்.

பத்திர அலுவலகத்தில் இதையெல்லாம் துருவிக் கேட்க மாட்டார்கள். முத்திரைத் தீர்வை கட்டினால் பதிந்து கொடுத்துவிடுவார்கள். சிக்கல் பிறகுதான் வரும். ஃபெமாவை மீறினால் மீறலில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதை உங்கள் பேரன் தலையில் ஏற்ற வேண்டுமா?

வாரிசாகக் கிடைக்கும் சொத்து வேறு கணக்கு. இந்தியாவில் குடியிருப்பவரிடமிருந்து வாரிசாகவோ உயில் மூலமாகவோ வருவது விவசாய நிலமாக இருந்தாலும் அவன் பெறலாம், வைத்திருக்கலாம். ஃபெமாவின் 6(5) பிரிவு இதை வெளிநாட்டில் குடியிருக்கும் எவருக்கும் அனுமதிக்கிறது. ஓசிஐ இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஆகவே கார்டுக்கு நாளை எது நடந்தாலும் உயில் வழியாக வந்த விளை அவனுடையதுதான். விற்கும்போது மட்டும் இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்க வேண்டும்.

அப்புறம் ஓசிஐ. ஊர்க்காரர் சொன்னதில் பாதி உண்மை. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவருக்கும், இருந்து ஓய்வு பெற்றவருக்கும் புதிதாக ஓசிஐ வழங்குவதில்லை என்பது உள்துறை அமைச்சகத்தின் விதி. ஆனால் உங்கள் பேரன் கார்டு வாங்கியது சிறு பிள்ளையாக இருந்தபோது. கொடுத்த கார்டை ரத்து செய்ய குடியுரிமைச் சட்டம் 7டி பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்று வேண்டும்: பொய் சொல்லியோ மறைத்தோ வாங்கியது, அரசியலமைப்புக்கு விசுவாசமின்மை, போரில் எதிரிக்கு உதவியது, தண்டனை, சட்ட மீறல், நாட்டின் பாதுகாப்பு என்று அது போகும். இன்னொரு நாட்டின் பட்டாளத்தில் சேர்ந்தது என்று தனியாக ஒரு காரணம் அதில் இல்லை. அவன் தரப்பைக் கேட்காமல் ரத்து செய்யவும் கூடாது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 20 வயது முடிந்தபின் புதிய பாஸ்போர்ட் எடுத்தால் ஓசிஐ கார்டை ஒருமுறை மறுவெளியீடு செய்ய வேண்டும். அப்போது வேலை பற்றிக் கேட்டால் ராணுவம் என்றே எழுதச் சொல்லுங்கள். அதற்காகக் கார்டைத் தர மறுத்தால் விசா எடுத்து வரலாம். விசா விண்ணப்பத்திலும் ராணுவத்தில் இருக்கிறீர்களா, என்ன பதவி, எங்கே பணி என்ற கேள்விகள் உண்டு. அங்கேயும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மறைத்தால்தான் வம்பு.

சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சு 1968-ம் ஆண்டின் எதிரிச் சொத்துச் சட்டத்தைக் கேள்விப்பட்டு வந்திருக்கலாம். அது பாகிஸ்தான், சீனா தொடர்பானது. அயர்லாந்து நமக்கு எதிரி நாடல்ல. உங்கள் பேரன் எந்த நாட்டைப் பிடிக்கவும் போகவில்லை. 50 லட்சம் சொச்சம் மக்கள் உள்ள அந்தச் சின்ன நாடு 1958 முதல் ஐ.நா. பணிக்கு ஆள் அனுப்புகிறது. 1978-லிருந்து, இடையில் சில வருடம் தவிர, தெற்கு லெபனானில் அதன் சிப்பாய்கள் இருக்கிறார்கள். அதே படையில் 1998 முதல் நம் இந்திய பட்டாலியனும் இருக்கிறது. ஆபத்தே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். லெபனானில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட அயர்லாந்து வீரர்கள் இறந்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில்கூட ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் படையின் பணியை 2026 டிசம்பர் 31-ல் முடித்துக்கொள்ள 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானித்துவிட்டது.

இந்த ஆபத்தால்தான் உங்களுக்குக் கசப்பான ஒரு வரியை உயிலில் எழுதச் சொல்கிறேன். உங்களுக்கு முன் பேரன் இறந்துவிட்டால் சொத்து யாருக்கு என்ற வரி. மணமாகாத, பிள்ளை இல்லாத பேரனுக்கு எழுதியது, அவன் முந்தினால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி செல்லாமல் போகும். பிறகு உங்கள் மகனும் மகளும் விளைக்கு நடுவே கயிறு பிடிக்க நேரும். "என் பேரன் இல்லாத நிலையில் என் மகளுக்கு" என்று ஒரு வரி போதும். எழுத உங்கள் கை நடுங்கும், எனக்குத் தெரியும். எழுதுபவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வரி இருக்கட்டும்.

இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அவருக்கு எழுதியது செல்லாது. மருமகன் லீவில் வந்திருந்தாலும் அவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட இளையவர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாகப் பாருங்கள். மகனை விட்டுவிடுவதால் அவருக்கு ஏற்கெனவே கொடுத்ததை ஒரு வரியில் சொல்லுங்கள். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள். இரு மாநிலச் சொத்துக்கும் ஒரே உயில் போதும்.

விளையின் பழைய ஆதாரம் (கிரயப் பத்திரம்) மலையாளத்தில் இருக்கும். அதன் சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் இப்போதைய கரம் அடைத்த (நில வரி கட்டிய) ரசீதோடு ஒத்துப் பார்த்துவிட்டு உயிலில் எழுதச் சொல்லுங்கள். எண் பிசகினால் பிற்பாடு பாறசாலை வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பட்டா பெயர் மாற்றம்) செய்ய உங்கள் பேரன் தாலுகா ஆபீஸ் இருக்கும் நெய்யாற்றின்கரைக்கும் ஊருக்குமாக அலைய வேண்டிவரும். அவனுக்கு மலையாளமும் படிக்கத் தெரியாது, லீவும் கிடைக்காது.

அவன் புறப்படுமுன் ஓசிஐ கார்டு, பாஸ்போர்ட் முன்பக்கம், பழைய இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த சான்று மூன்றின் நகலையும் மகளிடம் வாங்கி, உயிலோடு வையுங்கள்.