பால் பொங்குது மிஸ்: உளவளத்துணை கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் உளவளத்துணையாளராக (கவுன்சிலராக) இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

மகளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை வருகிறது. நான்கு தடவை உங்களிடம் கூட்டி வந்துவிட்டேன். என்ன பேசினாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பெற்றவளுக்குத் தெரியக்கூடாதா, மிஸ்? (ஒரு தாய், மஸ்கெலியா)

கோபம் நியாயமானதுதான் அக்கா. ஆனால் முதல் நாள் உங்களை வைத்துக்கொண்டேதான் அவளிடம் சொன்னேன். அவள் உயிருக்கு ஆபத்து, அவளை யாரோ துன்புறுத்துகிறார்கள், அவளால் இன்னொருவருக்கு ஆபத்து. இந்த மூன்றில் ஒன்று என்றால் மறைக்க மாட்டேன். மற்றது அவளுடையது. பெரியவர்கள் தாங்களாக வருகிறார்கள். பிள்ளைகளையோ மற்றவர்கள்தான் கூட்டி வருகிறார்கள். பேசியது அன்று மாலையே அம்மா காதுக்குப் போனால் ஐந்தாவது தடவை வருவாள், வாயைத் திறக்க மாட்டாள். உங்களுக்குத் தெரிய வேண்டியதை அவளே சொல்ல நான் பழக்குகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குப் பேச வராது. வந்தால் என்ன செய்வீர்கள்? (17 வயது, வட்டவளை)

பேச வேண்டாம் தம்பி. எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்க்க மாட்டேன், பக்கத்தில் உட்காருவேன். உன்னைப் போல ஒருவன் வந்தான் (அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்). அரை மணி நேரம் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். ரோட்டிலிருந்து உங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) எத்தனை படி என்று கேட்டேன். தெரியாது என்றான். அடுத்த கிழமை வந்து உட்காரும் முன்பே, "நூற்று எண்பத்தேழு மிஸ், மூணு உடைஞ்சிருக்கு" என்றான். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கியது.

கொழுந்து எடுக்கிறேன், வயது 42. ஓயாத தலைவலி, தூக்கமில்லை, எடுக்கும் கொழுந்தின் நிறுவையும் குறைகிறது. ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். (பொகவந்தலாவை)

இரத்தச் சோகை, தைரொயிட் இரண்டும் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். அவையும் மனச்சோர்வு போலவே ஆளைப் படுக்க வைக்கும். அவை இரண்டும் இல்லை என்றால் என்னிடம் வாங்க. ஒரு கொப்பித் தாளில் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போவது முதல் படுக்கும் வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்போது மனம் எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு புள்ளி போடுவோம். எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதுகிறேன். பெரும்பாலும் முன்பு ஆசையாகச் செய்த ஒன்று அந்தத் தாளில் இருக்காது: லயத்துப் பின்னால் கத்தரிப் பாத்தி, வெள்ளிக்கிழமை கோயில். மனம் வரட்டும் என்று காத்திருக்காமல் பத்து நிமிடம் பாத்தியில் போய் நில்லுங்கள். மனம் பின்னால்தான் வரும்.

மாத்திரை பழக்கமாகிவிடுமா?

மாத்திரை எழுதுவது வைத்தியர் வேலை. மனச்சோர்வு மாத்திரைகள் போதை மாதிரிப் பிடித்துக்கொள்வதில்லை. பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி, 'இருந்து என்ன பயன்' என்கிறான். சாகிற எண்ணமா என்று கேட்டால் நாமே அதை மனதில் போட்டது போல ஆகாதா? (தலவாக்கலை)

ஆகாது. நேராகவே கேளுங்கள். "ஆமாம்" என்றால் புத்தி சொல்லாமல் முழுதாகக் கேளுங்கள். கூட இருப்பவர்களிடம் சொல்லி அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற போன் இலக்கமும் இருக்கிறது. பொலிஸ் கேஸ் ஆகும் என்று பயப்படவும் வேண்டாம். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றமில்லை.

லயத்தில் போனில் பேசினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்குமே அக்கா?

கேட்கும். அதனால் சிலர் தேயிலைக்குள் நடந்துகொண்டே பேசுவார்கள், சிலர் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். ஒரு அம்மா மட்டும் பேச்சின் நடுவே, "ஐயோ, பால் பொங்குது மிஸ்" என்பார். யாரோ வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் உடனே போனை வைத்துவிடுவேன்.