கேள்வி - பதில்: துரையைக் கண்டால் இறங்கிய சைக்கிள்

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் தங்கி வேலை செய்கிறார். நாங்கள் சாப்பிடுவதைத்தான் அவரும் சாப்பிடுகிறார். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறோம். குடும்பத்தில் ஒருத்தியாகத்தான் வைத்திருக்கிறோம். இப்போது ஞாயிறுதோறும் லீவு வேண்டும், கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) தன்னிடமே தர வேண்டும் என்கிறார். இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே?
- ஒரு வாசகி, காப்பார், மலேசியா

பதில்: அவர் என்ன சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எழுதவில்லை. உங்கள் பிள்ளைகள் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அம்மா வயதுப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நம் வீடுகளில் வாயிலேயே ஒன்று விழும். வேலைக்கு வந்தவரை மட்டும் ஆறு வயதுப் பிள்ளை பேர் சொல்லி அதட்டுகிறது, பெரியவர்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். நான் பல வீடுகளில் பார்த்து நொந்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால் அவர் குடும்பத்தில் ஒருத்தி. ஊரில் தன் தாய்க்கு முடியவில்லை என்று கிளம்பினால் மட்டும் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுகிறோம்.

நீங்கள் காப்பாரிலிருந்து எழுதுவதால் இதையும் சொல்ல வேண்டும். 1941-இல் உங்கள் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்து என்றார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள். அதே பட்டியலில், துரைக்கு, அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரருக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக விடு என்ற கோரிக்கையும் இருந்தது. அதைக் கொடுத்தால் துரைக்கு ஒரு காசு நட்டமில்லை. அப்படியும் பட்டாளம் வந்தது, சுட்டார்கள், உயிர்கள் போயின. முன்னின்ற ஆர்.எச்.நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இடம் கொடுத்தோம், அரிசி கொடுத்தோம், இன்னும் என்ன வேண்டும் என்று அன்றைக்கும் பங்களாவில் கேட்டிருப்பார்கள்.

என் பாட்டி ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரைசாணி தங்கமானவர் என்று கடைசிவரை சொன்னார். அந்த வீட்டு நாற்காலியில் தான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதையும் அவரேதான் சொன்னார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஓய்வுநாள் விஷயத்தில் அது உங்கள் பக்கம்தான். 1955 வேலைச் சட்டத்தின் வாராந்தர ஓய்வு, வேலை நேரம் பற்றிய பிரிவுகள் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தா. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆன குறைந்தபட்சச் சம்பளமும் அவருக்கு இல்லை. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் 'வேலைக்காரர்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் 'பணியாளர்' என்று போட்டது. பேர் மாறியது, ஓய்வுநாள் வரவில்லை. சட்டம் கொடுக்காததால்தான் அவர் உங்களிடம் வாய்விட்டுக் கேட்கிறார். மூன்று வருடத்தில் நூற்றைம்பது ஞாயிறுக்கு மேல் போயிருக்கிறது, அம்மா.

கடப்பிதழ் கதை வேறு. அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் செல்லாது. அப்புறம், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் அவரைப் பதிந்திருக்கிறீர்களா? 2021 ஜூனிலிருந்து அது கட்டாயம்.

கடப்பிதழை இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள். வருகிற ஞாயிறு வீட்டில் யார் சமைப்பது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.