சிம்பாங்கில் நின்ற அரை மணி நேரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவி, இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கும் 68 வயது ஐயா ஒருவர் எனக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பேர் மறக்கிறது, கண்ணாடி காணாமல் போகிறது, லயத்துக் காலத்துக் கதைகளைத் தம்பி வேறு மாதிரி சொல்கிறார் என்று வரிசையாகப் போகிறது கடிதம். நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: கோயிலில் இருந்து மோட்டாரில் திரும்பும்போது, வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சிம்பாங்கில் (சாலைச் சந்திப்பில்) அரை மணி நேரம் நின்றாராம்.

ஐயா, என்னை நிறுத்தியது அந்த ஒரு வரிதான். மற்றவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன்.

பேர் நாக்கு நுனியில் நின்று, சாப்பிட்டு எழும்போது வந்துவிடுகிறது என்றால் அது வயது. கண்ணாடியை வைக்கும்போது கவனம் வேறெங்கோ இருந்தது, அதனால் மூளையில் பதியவே இல்லை. கண்ணாடி எதற்கு என்றே தெரியாமல் போனால் கவலைப்படுவோம். தம்பியோடு சண்டை வேண்டாம். நினைவு பெட்டியில் பூட்டி வைத்த படம் இல்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டுகிறது, கட்டும்போது கொஞ்சம் மாறும். அன்றைய தீமிதியில் மழை பெய்ததா இல்லையா என்பதில் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 'நினைவு போனால் ஆளே போயிற்று' என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. ஒன்பது வருடம் முன் இறந்த மனைவியின் முகம் படத்தைப் பார்க்காமல் வருவதில்லை, அதுவும் போய்விட்டால் நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீடியோக்காரர் சொல்வது 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் சொன்னது. மருத்துவம் படித்த தத்துவவாதி அவர். நினைவு எவ்வளவு தூரம் பின்னே எட்டுகிறதோ அவ்வளவு தூரம்தான் ஒரு ஆள் என்றார். 1785இல் தாமஸ் ரீட் அதை மறுத்தார். தோப்பில் திருடி அடி வாங்கிய பையன், பின்னால் போரில் கொடியைக் கைப்பற்றிய அதிகாரி ஆகிறான், அப்புறம் தளபதி ஆகிறான். அதிகாரிக்குத் திருட்டு நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, திருட்டு மறந்துவிட்டது. அதற்காகத் தளபதி வேறு ஆளா? வீடியோவில் இந்தப் பாதியைக் காட்ட மாட்டார்கள். பயமுறுத்தினால்தானே பார்ப்பார்கள்.

மூளையும் ரீட் பக்கம்தான் சாய்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை செய்து, இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, முதல் நாளைவிட மூன்றாம் நாள் அழகாக வரைந்தார். முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொண்டிருந்தது. உடம்பின் பழக்க நினைவு வேறு, ஒரு நாளின் நினைவு வேறு என்று பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் 1896இலேயே பிரித்துச் சொல்லியிருந்தார்.

என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு மகன் பேரே போய்விட்டது. மகள் பழைய சீவு கத்தியைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். பாட்டி முதலில் இல்லாத மரத்தில் இருந்து, பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் போட்டார். அப்புறம் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழாக ஒரே சரிவாக இழுத்தார், பட்டைக்குள் ஆழம் போகாமல். அந்த அம்மா அங்கேதான் இருந்தார், ஐயா. முகம் மங்கினாலும் உங்கள் மனைவியோடு வாழ்ந்த வாழ்க்கை உங்களில் பல இடத்தில் இருக்கிறது.

சரி, சிம்பாங்குக்கு வருவோம். புது நினைவைப் பதியும் அதே ஹிப்போகேம்பஸ்தான் வழியையும் காட்டுகிறது. எலி ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை 1971இல் ஜான் ஓகீஃப் அங்கே கண்டறிந்தார். 2014 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு உண்டு. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான் முதலில் கை வைக்கும். பல வருடம் போய்வந்த பாதை தெரியாமல் போவதை அதனால்தான் நான் பேர் மறப்பதோடு சேர்க்க மாட்டேன்.

உடனே அல்சைமர் என்று முடிவு கட்டாதீர்கள். 12 வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறீர்கள். அது பி12 வைட்டமினைக் குறைக்கும், பி12 குறைந்தால் நினைவு தடுமாறும். அன்று சர்க்கரை இறங்கியிருக்கலாம். தைராய்டு பார்க்க வேண்டும். சமீபத்தில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கத்துக்காக இரவு இரவாகப் போடும் அந்தச் சளி மாத்திரையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தையே அது தடுக்கிறது. யார் சொல்லித் தொடங்கினீர்கள்? இன்றே நிறுத்துங்கள். நினைவு கூடும் என்று ஃபோனில் வாங்கிய ஜிங்கோ என்ற மூலிகைக் காப்ஸ்யூலும் வேண்டாம். 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜிங்கோவும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் சுமார் 6 ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள், மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது.

இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். தம்பியைக் கூட்டிப்போங்கள், சிம்பாங்கில் நடந்ததை முதலில் சொல்லுங்கள், பேர் மறப்பதை அப்புறம் சொல்லலாம். டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை மோட்டார் சாவி தம்பியிடம் இருக்கட்டும்.