ஆறு இடத்து மண்ணை வைத்து முழு நிலாவுக்கும் வயதா?

கேள்வி: நிலா முழுவதற்கும் நிலவியல் வரைபடம் போட்டுவிட்டார்கள், எந்தப் பகுதி எவ்வளவு பழையது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மனிதர்கள் இறங்கியதே ஆறு இடத்தில்தான். மற்றதெல்லாம் ஊகம்தானே?

பதில்: ஊகம் இல்லைங்க. எது முந்தியது, எது பிந்தியது என்பது ஒரு கேள்வி, எத்தனை ஆண்டு என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நிலாவுக்குப் போகவே வேண்டாம், நல்ல படம் கையில் இருந்தால் போதும்.

ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். நிலாவின் வடபாதியில் பெரிய கறுப்புத் திட்டாகத் தெரிவது இம்ப்ரியம். ஏதோ ஒரு பெரும்பாறை வந்து மோதியதில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக விழுந்த குழி அது. அந்தக் குழிக்குள்ளேயே ஆர்க்கிமிடிஸ் என்று இன்னொரு பள்ளம், 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். அதன் உட்தரை மழமழவென்று இருக்கும், ஏனென்றால் எரிமலைக் குழம்பு உள்ளே நிரம்பி உறைந்துவிட்டது, பள்ளம் விழுந்தபோது வெளியே வாரியிறைத்த மண்ணின் ஓரங்களையும் அதே குழம்புதான் மூடியிருக்கிறது. அப்படியென்றால் குழி முதலில், ஆர்க்கிமிடிஸ் அடுத்து, குழம்பு அதற்கும் பிறகு. குழி விழுந்த கையோடு குழம்பு வந்து நிரப்பிவிடவில்லை, நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் ஒன்று விழுகிற அளவுக்குக் காலம் ஓடியிருக்கிறது என்பது இந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

அங்கிருந்து தெற்கே வந்தால் எரட்டோஸ்தனிஸ் என்று இன்னொரு பள்ளம். இது வாரியிறைத்த மண் அந்தக் குழம்பு உறைந்த கறுப்புத் தரைக்கு மேலே கிடக்கிறது, ஆக குழம்புக்கு இளையது. அதற்கும் மேலே பக்கத்துக் கோப்பர்நிக்கஸ் பள்ளத்திலிருந்து தெறித்த வெள்ளைக் கீற்றுகள் படிந்திருக்கின்றன, கோப்பர்நிக்கஸ்தான் கடைக்குட்டி. அமெரிக்க நிலவியலாளர்கள் யூஜின் ஷூமேக்கரும் ராபர்ட் ஹேக்மனும் 1962-இல் வெளியிட்ட கட்டுரையில் இப்படித்தான் வரிசை போட்டார்கள், அப்போது நிலாவில் யாரும் கால் வைத்திருக்கவில்லை. இம்ப்ரியன், எரட்டோஸ்தீனியன், கோப்பர்நிக்கன் என்று காலங்களுக்கு அன்று வைத்த பெயர்கள்தான் இன்றைக்கும் வரைபடத்தில் இருக்கின்றன. எனக்கு இதில் பிடித்ததே இதுதான், வெறும் கண்ணும் பொறுமையும் போட்ட வரிசை.

சரி, ஆண்டுக் கணக்கு? அதற்குத்தான் அந்த ஆறு இடமும் வேண்டும். அப்போலோ பயணங்கள் கொண்டுவந்தது 382 கிலோ கல்லும் மண்ணும். அவற்றில் உள்ள கதிரியக்கத் தனிமங்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று அளந்து வயது கண்டார்கள், அப்புறம் அந்தந்த இடத்தில் எத்தனை பள்ளங்கள் என்று எண்ணினார்கள். வெட்டவெளியில் நெடுங்காலம் கிடக்கும் தரையில் அடி அதிகம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். வயது தெரிந்த தரையில் இத்தனை பள்ளம் என்றால் வேறொரு தரையின் வயதையும் பள்ளத்தை எண்ணிக் கணக்கிடலாம். இந்தக் கணக்கில் நெடுநாளாக ஒரு பெரிய இடைவெளி இருந்தது, 300 கோடி ஆண்டுக்கும் 100 கோடி ஆண்டுக்கும் நடுவில் கையில் கல்லே இல்லை. 2020-இல் சீனாவின் ஆளில்லா விண்கலம் சாங்'இ-5 கொண்டுவந்த மண்ணுக்கு வயது சுமார் 200 கோடி, சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது. இனிமேலும் புதுக்கல் வரவர ஆண்டு எண்கள் கொஞ்சம் அப்படி இப்படி நகரும், ஆனால் ஆர்க்கிமிடிஸுக்குப் பிறகுதான் குழம்பு என்கிற வரிசை நகராது.

கேள்வி: வரைபடத்தில் இருக்கும் பல வண்ணங்கள் நிலாவின் உண்மையான நிறமா?

பதில்: இல்லை. ஒவ்வொரு வண்ணமும் ஒரு காலத்தையும் ஒரு வகைத் தரையையும் குறிக்கிறது, உண்மையில் நிலா ஏறக்குறைய முழுக்கச் சாம்பல்தான். 2020-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 5 கிலோமீட்டர், 93 கிலோமீட்டர் அகலக் கோப்பர்நிக்கஸே அதில் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். (நிலவியலில் வரும் 'நில' நிலத்திலிருந்து வந்தது, நிலவிலிருந்து அல்ல, பலர் கேட்டுவிட்டதால் சொல்கிறேன்.)

கேள்வி: இதையெல்லாம் நானே பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக, சின்னத் தொலைநோக்கி போதும். வளர்பிறை தசமி, ஏகாதசி வாக்கில் பாருங்கள், வெயில் சாய்வாக விழுவதால் மூன்று பள்ளங்களும் நிழலோடு எடுப்பாக நிற்கும். அப்புறம் பௌர்ணமியன்று அதே இடத்துக்குத் திரும்ப வாருங்கள். நிழல் போய்விட்டிருக்கும், கோப்பர்நிக்கஸின் கீற்றுகள் பளிச்சென்று பரந்து கிடக்கும், அதற்குள் எரட்டோஸ்தனிஸ் எங்கே என்று தேடத்தான் வேண்டும்.