‘ஏன் வேலையை விட்டீர்கள்?’ என்று கேட்டால்...

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். 22 பேர் வெளியே வந்தோம். போகும்போது எல்லோரிடமும் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்டர்வியூவில் ‘ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்டாலே மென்று விழுங்குகிறேன். ஓரிடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் இப்போது இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘ரெஸ்யூமில் இன்று வரை வேலையில் இருப்பதாகவே போட்டுவிடு’ என்கிறான் தம்பி. என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தம்பி உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் அந்த யோசனையைத் தொடவே தொடாதீர்கள். பின்னணியைச் சரிபார்க்கிறவர்கள் முதலில் கேட்பதே சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இந்த மூன்றும்தான். பழைய நிறுவனத்துக்கு ஒரு மெயில் போட்டால் தெரிந்துவிடும். வேலை போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள்கூடத் தேதியில் பொய் என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். விலகிய மாதத்தை உள்ளபடியே போடுங்கள். காரணத்தை ரெஸ்யூமில் எழுத வேண்டியதில்லை, அது நேரில் சொல்ல வேண்டியது.

எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்? நிறுவனத்துக்கு அந்த வேலை வேண்டாமென்று ஆனதா, நீங்கள் செய்த வேலை சரியில்லையா என்று தெரிந்துகொள்ளத்தான். முதலாவதுதான் என்று புரிந்துவிட்டால் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரையும், அதே மாதம் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அதற்குப் பிறகு இந்தத் துறையில் ஆட்குறைப்பு என்ற சொல்லைக் கேட்டுத் திடுக்கிடுகிறவர்கள் குறைவு. (அதற்காக இன்டர்வியூவில் இந்தக் கணக்கையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம். சாக்குச் சொல்வது போல ஆகிவிடும்.)

உங்கள் பதில் இவ்வளவு இருந்தால் போதும்: “எங்கள் டெஸ்டிங் பிரிவை மொத்தமாக மூடிவிட்டார்கள், 22 பேர் வெளியே வந்தோம். கடைசி வரை நான் பார்த்தது நீங்கள் கேட்டிருக்கும் இதே மாதிரி வேலைதான்.” அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் குறிப்பு எழுதிக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் நாமாக, ‘எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை சார், மேனேஜர் மட்டும் தப்பித்துக்கொண்டார்’ என்று ஆரம்பித்துவிடுவோம். நியாயமான கோபம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர் காதில் அது, ‘நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்’ என்று விழும். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து இந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது உதவாது, நாக்குப் பழக வேண்டும்.

22 பேரும் போனது உங்களுக்கு ஒரு வகையில் வசதி. பத்துப் பேர் டீமில் மூன்று பேரை மட்டும் வெளியே அனுப்பியிருந்தால், ‘ஏன் நீங்கள்?’ என்று அடுத்த கேள்வி வரும். இதைப் படிக்கும் யாராவது அந்த நிலைமையில் இருந்தால், காரணம் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள்: கடைசியாகச் சேர்ந்தவர்கள், குறிப்பிட்ட பிராஜெக்டில் இருந்தவர்கள் என்று ஏதாவது இருக்கும். தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். ‘பட்டியல் மேலிடத்தில் முடிவானது, என் கடைசி அப்ரைசல் இப்படி, மேனேஜர் பேசத் தயாராக இருக்கிறார்’ என்று சொன்னால் போதும். ஆனால் அந்த மேனேஜரிடம் முன்பே பேசி, நீங்கள் எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்பதைத் தெரிவித்துவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் வம்பு.

இனி அந்த ராஜினாமாக் கடிதம். பிரிவை மூடிவிட்டுக் காகிதத்தில் ‘தானாக விலகினார்’ என்று போடுவது பல இடங்களில் நடக்கிறது, ஹெச்.ஆர். ஆட்களுக்கும் அது தெரியும். இதில் ஆபத்து ஒன்றுதான்: நீங்கள் ஆட்குறைப்பு என்பீர்கள், வேலையிலிருந்து விடுவித்ததாக நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டர் ராஜினாமா என்னும். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: “பிரிவை மூடும்போது எல்லோரிடமும் ராஜினாமாக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன்.” மூடுவது பற்றி வந்த அறிவிப்பு மெயில் கையில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். சரிபார்க்க யாராவது அழைத்தால் என்ன சொல்வார்கள் என்று பழைய ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுவதும் நல்லது. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

ஐந்து மாத இடைவெளியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வேலை தேடினேன் என்பதே பதில்தான். உருப்படியாக எதையாவது கற்றிருந்தால் சொல்லுங்கள், பாதியில் விட்ட ஆன்லைன் வகுப்பைப் பெரிதாக்க வேண்டாம். நோட்டீஸ் பீரியட் இல்லை, உடனே சேரலாம் என்பது உங்களுக்குச் சாதகம். அதை ஒரு முறை சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொன்னால் சம்பளத்தைக் குறைத்துப் பேச இடம் கொடுத்ததாகிவிடும்.

கடைசியாக, ‘குடும்பச் சூழ்நிலை’ என்று சொன்ன இடம். இரண்டாவது சுற்றுக்கு முன்பே அங்குள்ள ஹெச்.ஆருக்குப் போன் செய்யுங்கள். “முதல் சுற்றில் குடும்பக் காரணம் என்று சொன்னேன், அது சரியில்லை. எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள், சொல்லத் தயங்கினேன். விவரங்களை மெயிலில் அனுப்புகிறேன்” என்று சொல்லுங்கள். அழைப்பை ரத்து செய்தாலும் செய்யலாம், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஆஃபர் கைக்கு வந்து, மற்ற இடங்களுக்கெல்லாம் வரவில்லை என்று சொல்லிவிட்ட பிறகு சரிபார்ப்பில் மாட்டினால் இரண்டும் போய்விடும். மெயிலையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், நான்கு வரி போதும்.