மாலையும் சீட்டுக்கட்டும்

அன்புள்ள ஐயா,

நவி மும்பை ஐரோலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 27, சொந்த ஊர் கோவில்பட்டி. நண்பர்கள் நால்வரோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிறேன். காலையில் எழுந்து நடக்க வேண்டும், படிக்க வேண்டும், மராத்தி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வோர் இரவும் முடிவெடுக்கிறேன். ஆனால் ரீல்ஸ் பார்த்தே இரண்டு மணியாகிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான். யாருக்கும் எந்த நோக்கமும் இல்லை. நல்லதாக ஏதாவது கண்ணில் பட்டால் அனுப்பு என்பார்கள், நானும் நாளுக்கு இருபது அனுப்புவேன். ஊரில் அம்மா நாள் முழுக்க சீரியலே கதி என்று இருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் நடுவே ஒருவன் எப்படி மாற முடியும்? முப்பது ஆண்டுகளாக அதிகாலையில் எழுந்து மொழிபெயர்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த மன உறுதி உங்களுக்கு எப்படி வந்தது? அதை வளர்க்கும் நூல் ஏதேனும் சொல்வீர்களா? இன்ஸ்டாகிராமை அழித்துவிடலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் எங்கள் டோம்பிவிலி ஐயப்பன் கோயில் வாசலில், மாலை போட்டுக்கொள்ள வரிசையில் நின்ற பையன்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நூல் எதையும் சொல்லப்போவதில்லை. இன்ஸ்டாகிராமை அழிப்பது உங்கள் விருப்பம். அது போன இடத்தில் யூடியூப் வந்து உட்காரும், அவ்வளவுதான். ஆனால் அம்மாவைப் பற்றி எழுதிய அந்த வரியை நீங்கள் திரும்ப ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளியலாளர்கள் இருவர், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களிலும் டெல்லியிலும் 2001 முதல் 2003 வரை திரட்டப்பட்ட விவரங்களை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேபிள் டி.வி. புதிதாக வந்த கிராமங்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் தளர்ந்திருந்தது. நீங்கள் அலட்சியமாகச் சொல்லும் அதே டி.வி. பெட்டிதான், கேட்க ஆளில்லாத வீடுகளில் பெண்களுக்கு வேறொரு வாழ்க்கையைக் காட்டியது. உங்கள் அம்மா அதில் என்ன பார்க்கிறார் என்று ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா?

மன உறுதிக்கு வருகிறேன். 1986இல் டோம்பிவிலிக்குக் குடிவந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள், காலை 8.04க்கு மும்பை வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) போகும் ஃபாஸ்ட் லோக்கலில் நான் ரம்மி ஆடினேன். இரண்டாம் வகுப்புப் பெட்டி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு, முழங்கால்கள் மேல் ஒரு பிரீஃப்கேஸ், அதன் மேல் மடித்த செய்தித்தாள். மூவர் உட்காரும் பெஞ்சின் விளிம்பில் நாலாவது ஆளாகத் தொற்றிக்கொள்வதற்கே சண்டை நடக்கும் வண்டியில், எனக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருப்பார்கள். வங்கிக் காசாளர் ஒருவர், துறைமுகக் குமாஸ்தா இருவர், எல்லோரும் காகா என்று அழைத்த முதியவர் ஒருவர். என்னை அண்ணா என்றே கூப்பிடுவார்கள். தமிழன் என்றால் இந்த ஊரில் அண்ணாதான். மாலை வண்டியிலும் ஆட்டம் உண்டு. முடியாவிட்டால் டோம்பிவிலி நடைமேடை பெஞ்சில் தொடரும். நான் வீடு போய்ச் சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். சம்பளத்தில் போன பணத்தைவிட அந்தத் தூங்கிய முகம்தான் என்னை அறுத்தது.

நிறுத்த வேண்டும் என்று எத்தனை இரவு முடிவெடுத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. 1988, 89, 90 என மூன்று ஆண்டுகள் அதற்காகவே மாலை போட்டேன். நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள். மாலை போட்ட மறுநாள் கறுப்பு வேட்டியும் துளசிமணியுமாக வண்டியில் ஏறினேன். காகா ஒரு பார்வை பார்த்தார், சீட்டைக் கலைத்தார், என்னை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் போட்டார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் இடம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த 41 நாளும் அண்ணா என்ற பெயர் போய் சாமி என்ற பெயர் வந்தது. வெற்றிலைபாக்குக் கடைக்காரர் புகையிலைப் பொட்டலத்தை எனக்கு நீட்டவில்லை, அலுவலகத்தில் மேலதிகாரி குரலை உயர்த்தவில்லை, வீட்டில் தனிப் பாத்திரம், தனிப் பாய். ஒருநாள்கூட சீட்டின் மீது கை போகவில்லை. என் உறுதியை எண்ணி நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் அரவணைப் பாயசத்தோடு வண்டி ஏறினேன். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விரலில் ஒட்டியதை நக்கிவிட்டு, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்கள். காகா சீட்டைப் போட ஆரம்பித்தார். என் முழங்காலுக்கு எதிரே ஒவ்வொன்றாகப் பதின்மூன்று சீட்டு விழுந்தது. ஆடுகிறாயா என்று அவர் கேட்கவில்லை. அன்பாக, இயல்பாக, ஊருக்குப் போய் வந்தவனுக்குச் சோறு போடுவதுபோலப் போட்டார். நான் எடுத்துக்கொண்டேன். மூன்று ஆண்டும் இதுவேதான் நடந்தது.

அந்த 41 நாள் என் மனத்துக்குள் எந்த உறுதியும் புதிதாக முளைக்கவில்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. தெருவும் வண்டியும் வீடும் சேர்ந்து என்னைத் தூக்கிப் பிடித்திருந்தன. பெயரை மாற்றிக் கூப்பிட்டன. சீட்டைப் போடாமல் விட்டன. கழுத்தில் மாலை இல்லாமல், யாருக்கும் சொல்லாமல், மனத்துக்குள்ளேயே விரதம் இருந்து பாருங்கள், மூன்றாம் நாள் கலைந்துவிடும். ஒவ்வோர் இரவும் நீங்கள் எடுக்கும் முடிவு அந்த மாதிரி விரதம்தான். போர்வைக்குள் எடுத்த முடிவு வீட்டில் எவருக்கும் தெரியாதபோது அதை யார் காப்பாற்றித் தருவார்கள்?

1992இல் எங்கள் அலுவலகம் எட்டு மணிக்கே தொடங்குவதென்று முடிவானது. நான் 6.25 வண்டிக்கு மாறினேன். அந்தப் பெட்டியில் ஒரு பஜனைக் குழு இருந்தது. டோம்பிவிலியில் ஜால்ராவை எடுத்தால் தாதர் வரை மராத்திப் பக்திக் கவி துக்காராமின் அபங்கப் பாடல்கள், இறங்குமுன் ஆளுக்கொரு கற்கண்டு. இரண்டாம் வாரம் என் கையில் ஒரு நகல்தாளைத் திணித்தார்கள். தேவநாகரி எழுத்து தெரியும், பொருள் தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு சொல், மறுநாள் இன்னொரு சொல். ஓராண்டில் மராத்திச் செய்தித்தாள் படித்தேன். நான்காம் ஆண்டில் முதல் கதையை மொழிபெயர்த்தேன். சீட்டை விட்டுவிட வேண்டும் என்று அந்த ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. நீங்கள் கேட்கும் மன உறுதி எனக்கு வந்த வழி இதுதான்.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். 1971இல் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற அம்மையார் தொடர்ந்து ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். அந்த முகாமும் அந்தத் தோழர்களும் அந்தப் பயமும் அங்கேயே தங்கிவிட்டன.

இப்போது உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். எங்கள் காலை ஆட்டம் எப்படியும் வி.டி.யில் முடிந்தே தீரும். வண்டி அதற்கு மேல் போகாது. பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டேயிருக்கும் முறையை 2006இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். கடைசி நிலையமே இல்லாத வண்டி அது. அதைவிட எனக்குக் கோபமூட்டுவது வேறொன்று. நேற்று எதில் எத்தனை நொடி நின்றீர்கள் என்று பார்த்து, நேற்றைய ஆளுக்கே அது இன்றும் சீட்டுப் போடுகிறது. மாலை போட்டவன் முன்னால் காகா சீட்டைப் போடாமல் நிறுத்தினார். இந்தக் கருவிக்கு உங்கள் கழுத்து தெரியாது.

கடைசியாக, உங்கள் அறைத் தோழர்கள். நோக்கமற்றவர்கள் என்று எழுதிய அதே கையால் நாளுக்கு இருபது ரீல்ஸை அவர்களுக்கு அனுப்புகிறீர்களே, தம்பி, அவர்களுடைய பிரீஃப்கேஸ் மேல் சீட்டுப் போடுகிறவர் யார்? அவர்களில் ஒருவரும் இரவு ஒன்றரை மணிக்கு உங்களைப் போலவே நாளை மாறிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் அனுப்புதல் போய்ச் சேர்கிறது. என் சீட்டுத் தோழர்களைக் கெட்டவர்கள் என்று நான் எழுத மாட்டேன். என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது இரவில் மருத்துவமனை வராந்தாவில் காகாதான் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க அவ்வளவு கஷ்டமாக இருந்தது. இன்றிரவு அவர்கள் நால்வரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: பதினொரு மணிக்கு மேல் எனக்கு எதுவும் அனுப்பாதீர்கள், நானும் அனுப்பமாட்டேன் என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் நடக்கிறோம். பிறகு காப்பி, ஒரு மணி நேரம் மராத்தி வாசிப்பு. ஐரோலியிலிருந்து தாணே ரயில் நிலையம் வந்து சென்ட்ரல் லைனில் மாறினால் வந்துவிடலாம். உங்களுக்கும் ஒரு நகல்தாள் எடுத்து வைக்கிறேன்.